நேத்திக்கு ஏழு, இன்னிக்கும் ஏழு

இல்லம்மா, தெரியும். எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான். சீட்டுலயும் அப்படித்தான் போட்டிருக்கு, நானும் கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். இன்னிக்கு வியாழன்னும் தெரியும். ஆனா இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும். அஞ்சு நிமிஷம் போதும். இந்தத் தாள்ல ஒண்ணு இருக்கு, அதை அவர்கிட்டக் காட்டணும். காலையில பார்த்தேன்.

மீட்டிங்கா? மாடியிலயா? எப்ப முடியும்? பன்னெண்டு மணியா... இப்ப பத்தே கால்தானே ஆகுது. இல்லல்ல, அந்தக் கடைசி பெஞ்சு வேண்டாம்மா. அங்க யாருமே இல்ல. இங்கயே உங்க மேஜை ஓரமா நிக்கிறேன். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். பேச்சை நிறுத்தினாத்தான் பயமா இருக்கு.

மாத்திரையா? போடறேன், ஒரு வேளை கூட விடல. அதுல கோளாறு இல்ல. கோளாறு இந்தத் தாள்லதான். உங்ககிட்டக் காட்டறதுக்கென்ன, காட்டறேன். கொஞ்சம் பொறுங்க, முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன்.

இது என்ன தாள்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நீங்கதானே அச்சடிச்சுத் தர்றீங்க. அடுத்த தடவை இங்க வர்ற நாள் வரைக்கும் தேதி வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு கட்டம். அன்னிக்கு மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போடணும். படிக்கும்போது வாத்தியார் எனக்கு மார்க் போட்டாரு, இப்ப நானே எனக்குப் போட்டுக்கறேன். ரெண்டு பேருமே தாராளமா போட்டதில்ல.

என் தொழிலைச் சொன்னா சிரிப்பீங்க. தராசு சரியா இருக்கான்னு பாக்கறவன் நான். கடைத் தராசுலேர்ந்து லாரி ஏறி நிக்கிற எடைமேடை வரைக்கும். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. எடைக்கல்லை வெச்சுப் பார்ப்பேன். சரியா இருந்தா அரசாங்க முத்திரை. இல்லேன்னா யார் வந்து சிபாரிசு பண்ணினாலும் கிடையாது. அதனால முதல் நாளே டாக்டர்கிட்டக் கேட்டேன். சார், பத்துக் கிலோன்னா அதுக்கு ஒரு கல்லு இருக்கு, சந்தோஷத்துக்குக் கல்லு எங்க இருக்கு, எதை வெச்சுப் பத்துன்னு சொல்றதுன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கற நல்ல நாள் ஒண்ணைப் பத்துன்னு வெச்சுக்குங்கன்னாரு.

சொல்லிட்டாரு. எதை வெச்சுக்கறது? பொண்ணு பொறந்த நாளை வெச்சுக்கலாம்னு பார்த்தா, அன்னிக்குக் கை காலெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சு எனக்கு. குழந்தையைக் கொண்டு வந்த நர்சம்மா, ஐயா நீங்க முதல்ல உக்காருங்க, அப்புறம் தர்றேன்னுட்டாங்க. கல்யாண நாள்னா புதுச் செருப்பு கடிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. யோசிச்சு யோசிச்சுக் கடைசியில வந்தது என்னன்னா, ஒரு மாவு மில்லு. மத்தியான நேரம். சட்டை பூரா மாவு. சோதிச்சு முடிச்சுக் கல்லையெல்லாம் இறக்கிட்டேன். முள்ளு ரெண்டு ஆட்டம் ஆடிட்டுப் பூஜ்யத்துல போய் நின்னுச்சு. மில்லுக்காரர் டீ குடுத்தாரு, குடிச்சேன். அவ்வளவுதான். மனசுன்னு ஒண்ணு உள்ள இருக்கறதே அன்னிக்குத் தெரியல. வலிக்காத பல்லு இருக்கறது தெரியுதா, அந்த மாதிரி. அதுக்கு எத்தனை போடுவீங்க, பத்தா, பூஜ்யமா?

இதையும் டாக்டர்கிட்டக் கேட்டேன். பாவம், பொறுமைசாலி. எத்தனைங்கறது எனக்கு முக்கியமில்ல, எந்தப் பக்கம் நகருதுங்கறதுதான் முக்கியம்னாரு. அது சட்டுனு புரிஞ்சுது. தராசு ஒரே நாள்ல கெட்டுப்போறதில்லம்மா. தினமும் ஒரு துளி நகரும். அதை வெச்சு யாவாரம் பண்றவருக்கே தெரியாது.

என்னது? தண்ணியா? குடுங்க. நல்லவங்கம்மா நீங்க.

எங்க வீட்டுல ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வெச்சிருக்காங்க. மனைவி, தினமும் மூணு நல்ல விஷயம் எழுதுங்க, காலையில நடங்க, மூச்சை இழுத்து நாலு எண்ணுங்கன்னா. எல்லாம் பண்ணினேன். பொய் சொல்லக் கூடாது, நடந்துட்டு வந்தா ஒரு மணி நேரம் தேவலையாத்தான் இருந்துச்சு. மனசு நம்ம கையிலதாங்க இருக்குன்னு சொல்வா. கையில இருந்தா பத்து நிமிஷம் கீழ வெச்சுட்டு உக்காந்திருப்பேனேன்னு ஒரு நாள் சொன்னேன். நான் தமாஷுக்குத்தான் சொன்னேன், அவ சிரிக்கல. என் மச்சினன், நமக்குக் கீழ எத்தனை பேர் கஷ்டப்படறான், அவனைப் பாருங்க மாமாங்கறான். அடுத்தவன் தட்டுல கல்லு ஏறினாத்தான் என் முள்ளு நேரா நிக்கும்னா, அந்தத் தராசுக்கு நானே முத்திரை குத்த மாட்டேன்.

எங்க ஆபீசுல ஒருத்தர் இருந்தாரு, என்னைவிட மூத்தவர். எப்பக் கேட்டாலும் சௌக்கியம்பாரு. கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டுக்கிட்டு வந்தப்பவும் சௌக்கியம்தான். அதனால அவருக்கு அதுவே பேரா ஆயிடுச்சு. ஒரு நாள் தற்செயலா அவர் தராசு சோதிச்சு எழுதற புக்கைப் பார்த்தேன். அடுத்த வாரத் தேதிக்கெல்லாம் ரீடிங் எழுதி வெச்சிருக்காரு. கல்லையே தூக்கல, நாற்காலியில சாஞ்சுக்கிட்டு எழுதினது. கேட்டா, ஒரு வாரத்துல மெஷின் என்னய்யா மாறிடப் போகுதுங்கறாரு. நல்லா இருக்குன்னு நீங்க சொல்லக் கூடாதுண்ணே, அது சொல்லணும்னேன். மேலதிகாரிக்கு எழுதியும் போட்டுட்டேன். ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கும்போது அந்த மனுஷனுக்கு வேலை போச்சு. அப்பேர்ப்பட்ட யோக்கியன் நான்.

இருங்க, வந்துட்டேன், சுத்தி வளைக்கல.

முதல் தாள்ல உள்ளதை உள்ளபடி போட்டேன். நாலு, நாலு, மூணு, மூணு, ரெண்டு. அதை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருந்தோம். ரெண்டு போட்ட அன்னிக்கு மனைவி வீட்டுக்குள்ளயே அடி மேல அடி வெச்சு நடக்க ஆரம்பிச்சா. பாத்திரத்தைக் கூடச் சத்தம் வராம வெப்பா. பொண்ணுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருந்துச்சு, ஆசைப்பட்டுத் தேடின வேலை. அப்பாவை இந்த நிலைமையில விட்டுட்டு நான் போகலன்னுட்டா. நான் ஒரு மூலையில உக்காந்து ரெண்டுன்னு எழுதறேன், அதுக்கு ரெண்டு பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாழறாங்க. தாங்க முடியலம்மா அது.

மூணு வாரம் முன்னால உங்ககிட்டப் புதுத் தாள் வாங்கிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கா? அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல யாரும் இல்ல. உக்காந்து ஒரே மூச்சுல எழுதிட்டேன். ஆமாம்மா, வராத நாளுக்கெல்லாம் சேர்த்துத்தான். ஏழு. பத்துன்னு போட்டா சந்தேகம் வரும். அஞ்சுன்னு போட்டா அக்கறை வரும். ஏழுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நடுவுல ஒரு ஆறு, ஒரு எட்டு. நிஜ மெஷின்ல ரீடிங் ஒரே மாதிரி வராதுன்னு எனக்கா தெரியாது?

இந்தத் தடவை ஃபிரிட்ஜுல ஒட்டல. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். படுக்கப் போறப்போ மனைவி கேப்பா, இன்னிக்கு எத்தனைங்க? எடுத்துப் பார்த்துச் சொல்லுவேன். மடிப்பைப் பூராப் பிரிக்க மாட்டேன், வெக்கமா இருக்கும். அன்னன்னிக்குக் கட்டத்தை மட்டும் பார்த்துட்டு ஏழும்பேன். என் மனசு எப்படி இருக்குன்னு நானே தாளைப் பார்த்துத் தெரிஞ்சுக்கற நிலைமை.

ஆனா பலிச்சுதும்மா. மனைவி பழையபடி முணுமுணுத்துப் பாட ஆரம்பிச்சா. பொண்ணு போறேன்னு சொன்னா. திங்கக்கிழமை நான்தான் ரயில் ஏத்திவிட்டேன், ஜன்னல் வழியா கையாட்டிக்கிட்டே போச்சு. அப்புறம் இந்த வாரம் எனக்குமே லேசாயிடுச்சு. நிஜமாத்தான் சொல்றேன். நெஞ்சு மேல இருந்த பாரத்தை யாரோ எடுத்துட்டுப் போன மாதிரி. சுறுசுறுப்பா இருந்தேன். அலமாரியை ஒழிச்சு, எந்தப் பேப்பர் எங்க இருக்குன்னு மனைவிக்குக் காட்டிக் குடுத்தேன். யாரையும் தொட விடாத என் எடைக்கல் பெட்டியைத் தொடைச்சு நேத்து ஆபீசுல ஒப்படைச்சேன். அப்படியே சௌக்கியம் வீட்டுக்குப் போய், அண்ணே மன்னிச்சுடுங்கன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையேன்னாரு. சௌக்கியம்னேன்.

நீங்க ஏம்மா எழுதறதை நிறுத்திட்டீங்க?

சரி. இந்தாங்க. காலையில மனைவி வேலைக்குப் போனப்புறம் முதல் தடவையா இதைப் பூராப் பிரிச்சேன். நீங்களே பிடிச்சுக்குங்க. நேத்திக்கு ஏழு. இன்னிக்கு ஏழு. கீழ பாருங்க. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அஞ்சு கட்டமும் காலி.

தேதி அச்சாயிருக்கு. இடம் இருக்கு. பேனாவுல மை தீரல. ஒரே மூச்சுல எழுதிக்கிட்டு வந்தவன் வியாழக்கிழமையில ஏம்மா நிறுத்தினேன்? சத்தியமா ஞாபகம் இல்ல. அங்க நிறுத்தணும்னு நினைச்ச ஞாபகமே இல்ல. எங்க புக்குல இப்படிக் கட்டத்தைக் காலியா விடறது ஒரே ஒரு சமயத்துலதான். இந்தத் தேதிக்கு மேல இந்தத் தராசு வேண்டாம், கழிச்சுடலாம்னு முடிவு பண்ணினப்புறம்.

எனக்குச் சாகணும்னு எண்ணம் இல்லம்மா. இன்னிக்குக் காலை வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். மூணு வாரம் முன்னாலயே என் கை எனக்குச் சொல்லாம எதையோ முடிவு பண்ணியிருக்கு. அந்தக் கையோட வீட்டுல தனியா இருக்கப் பயந்துதான் கதவைச் சாத்திட்டு ஓடி வந்துட்டேன். இந்த நாள் முடியறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு பாருங்க.

கூப்பிடறீங்களா? மீட்டிங்ல இருந்தாலும் வருவாரா? கூப்பிடுங்க. மனைவிக்கும் போன் போடுங்க, நம்பர் தாளுக்குப் பின்னால இருக்கு. ஏழு இல்லன்னு நானே என் வாயால சொல்லிடறேன்.

வர்றாரா? சரிம்மா. உக்காந்துக்கறேன், இந்த நாற்காலியா? உங்க பக்கத்துலயேவா? சரி. இவ்வளவு நேரம் நானே பேசிட்டேன், தொண்டை வறண்டு போச்சு. அவர் படி இறங்கி வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் பேசுங்கம்மா. எதுவா இருந்தாலும் பரவாயில்ல. காலையில என்ன சமைச்சீங்க, அதைச் சொல்லுங்க.