பதுங்கி உட்கார்ந்திருந்த வார்த்தை

எட்டாவதோடு நின்றவன், அம்பத்தூரில் சொந்தமாக இரண்டு லேத் பட்டறை போட்டவன் நான். இங்கிலீஷைக் கண்டு பயந்ததே இல்லை. நேற்று மாலை வேப்பம்பட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை என்னைப் பயமுறுத்திவிட்டது.

எதிரே இரண்டு பேர். இரும்பின் மேல் மணலை வீசித் துருவெடுக்கும் பட்டறை ஆட்கள். இளையவன் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறான். பெரியவர் வேலையிலிருந்து, தலையெல்லாம் தூசி.

“என் நெஞ்சுல கீற நோவு ‘இன்சிடியஸ்’னாரு டாக்டரு. இன்னா அண்ணாத்தே அது?”

பெரியவர் காலேஜில் படிக்கும் மகளைப் போனில் கேட்டுவிட்டுச் சொன்னார். “லத்தீன்லேர்ந்து வந்துச்சாம். வழிப்பறிக்காரன் பொதர்ல பதுங்கி உக்காந்துகினு இருப்பான் பாரு, அந்த மாதிரி. தெரியாமலே உள்ள உக்காந்து ஆளை முடிக்கிற நோவுக்கும் அதான் பேராம்.”

“வலிக்கவே இல்லியே.”

“வலிச்சா நீ உஷாராயிடுவ இல்ல?”

“தெனம் வெல்லம் துன்னேனே. தூசியெல்லாம் அடிச்சிகினு பூடும்னாரே மேஸ்திரி.”

“நானுந்தான் துன்றேன்.”

“வெல்லம் வயித்துக்குத்தான் போவுமாம், நெஞ்சுக்குப் போவாதாம். நீயும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடு அண்ணாத்தே.”

ரயில் திருநின்றவூரைத் தாண்டியது. பெரியவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த பொட்டலத்தைப் பிரித்து, அன்றைய வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

“எனக்கு எதுக்குடா? எங்கியுமே வலிக்கலியே.”