நாளைக்கு வந்துருங்க பாஸ்

மாலை ஆறரை மணி. நோர்வூட் ரோட்டில் ஈ காக்கை இல்லை... பனியும் தூறலும். இந்த அறுபத்தொன்றாம் வருஷத் தை மாதம். தனியாக நடந்து போனவர் நம் அழகுமுத்துவின் அக்கா புருஷன் செல்லசாமி. இங்கே உட்கார்ந்து கதை கேட்டுச் சிரிக்கிற இராமையா வெளியே போய்ச் சிரிக்கட்டும். அழகுமுத்து பொய் சொல்கிறவன் இல்லை.

செல்லசாமி தேயிலை பெக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தை முடிவதற்குள் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, காலி செய்ய வேண்டும். கினிகத்தேனையில் துண்டு நிலம் வாங்கி வீடு தொடங்கியிருந்தார். சுவர் இடுப்பளவு எழுந்தது... அத்தோடு மேசன் பொன்னையா வரவில்லை. கொத்து வேலைக்காரரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கடிதத்துக்குப் பதில் இல்லை. செல்லசாமி எட்டு முறை பாஸின் வீடு தேடிப் போனார்.

"நாளைக்கு வந்துருங்க பாஸ்."

"வந்துர்றேங்க."

அவ்வளவுதான். மனுஷனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

இது ஒன்பதாவது நடை. வாசலிலேயே ஊதுபத்தி வாசனை... உள்ளே பாஸைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று நாள் காய்ச்சலாம். இழவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, வா என்று கூப்பிடவும் கூடாது. பேசாமல் எழுந்து போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அலைந்து அலைந்து பழகிய வாய்... எழும்போது பிணத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு வந்துருங்க பாஸ்."

ஒப்பாரி நின்றுவிட்டது.

மறுநாள் கினிகத்தேனைக்குப் போய்ப் பார்த்தார். சுவரில் ஒரு வரி கல் கூடியிருந்தது. ஈரச் சீமெந்து வாடை. அதற்கு மறுநாள் இரண்டு வரி. இருட்டினால் டொக்... டொக்... கரண்டிக் காம்பால் கல்லைத் தட்டும் சத்தம்.

"பாஸ் வந்துட்டாரா?" என்றாள் மனைவி பூரணி.

"வர்றாரு."

வேறென்ன சொல்வது? தை முடியப் பத்து நாள்தான் இருந்தது. சுவர் முடிந்ததும் வேறு ஆளைப் பிடித்துக் கூரைக்குத் தகரம் போட்டுக் குடி போனார்கள். சத்தம் மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் அழகுமுத்து போனான். சன்னல் இருந்த இடத்தில் சுவர். வாசலிலும் இரு பக்கம் கல் ஏறி, ஒருக்களித்துத்தான் நுழைந்தான்.

"வேற எங்கயாவது போயிரலாமே மச்சான்?"

"எங்க போறது? காம்பராவுக்கும் வேற ஆளு வந்துட்டாங்க."

"வராதீங்கன்னு தெனமும் சொல்றோம் தம்பி," என்றாள் அக்கா. "பதிலே இல்ல."

ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்தான். வெளியே வரும்போது சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்தன. நுழையும்போது அறவில்லை. அக்கா வழியனுப்ப வரவில்லை... கொஞ்சம் பூசின உடம்பு அவளுக்கு. வாசலைத் தாண்டிப் பத்து நாளாகிறதாம்.