வலது பக்கம் மட்டும்

— அசையக் கூடாது, தங்கம். மூக்கும் தாடையும் இந்தப் பலகையில ஒட்டியிருக்கணும். வாயை நல்லாத் திற.

— இவ அம்மா இருந்தா பிடிச்சுக்குவா. எனக்கு இதெல்லாம் சரியா வராதுங்க.

— அவங்க வரலையா சார்?

— தவறி நாலு மாசமாச்சுங்க.

— தெரியாம கேட்டுட்டேன் சார். எக்ஸ்ரே கதிர் படாம அந்த ஈய ஏப்ரனைப் போட்டுக்கிட்டு நீங்களே தலையைப் பிடிங்க. மெதுவா. எத்தனை நாளா மூக்கு ஒழுகுது?

— ரெண்டு மாசமா. மூணு தடவை மருந்து மாத்தியாச்சு. நாத்தம் அடிக்குதுன்னு பள்ளிக்கூடத்துல பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்களாம். சைனஸ்தானான்னு பார்த்துடலாம்னாரு டாக்டர்.

— அஞ்சு வயசுல நெத்தி சைனஸே சரியா வளர்ந்திருக்காது சார். எக்ஸ்ரேயில பெருசா ஒண்ணும் பிடிபடாது. எழுதிக் கொடுத்திருக்காரு, எடுக்கறேன். ரெண்டு பக்கமும் ஒழுகுதா?

— வலது பக்கம் மட்டும்.

— ஒரு பக்கம் மட்டுமா? மூச்சைப் பிடிச்சுக்கோ, தங்கம். அவ்வளவுதான், முடிஞ்சுது. கெட்டிக்காரி. சார், இப்படி வந்து திரையைப் பாருங்க.

— என்னங்க, பயப்படற மாதிரியா?

— வலது மூக்குக்குள்ள ஏதோ மாட்டியிருக்கு சார். இந்த வெள்ளை, உலோகம்தான். பெருசு பண்றேன். பூ மாதிரி இருக்கு, பின்னாடி ஒரு திருகாணி...

— மூக்குத்தி.

— உங்களுக்குத் தெரியுமா?

— என் வீட்டுக்காரியோடது. ஆஸ்பத்திரியில கழட்டி என் கையில கொடுத்தாங்க. பீரோவுல வச்சேன். அப்புறம் பார்த்தா காணோம்.

— முதல்ல உக்காருங்க சார். காது மூக்கு டாக்டர் பக்கத்து அறையிலதான் இருக்காரு, எடுத்துடுவாரு. தங்கம், இங்க வா. இதை ஏன் மூக்குக்குள்ள வச்சே?

— அம்மா மாதிரி போட்டுக்கலாம்னு. எனக்கு ஓட்டை இல்லைல்ல. அதான் உள்ள வச்சேன். அது போயிடுச்சு.

— வலிச்சிருக்குமே, கண்ணு.

— ம்.

— அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?

— அவளை ஒண்ணும் கேக்காதீங்க. எல்லாம் நான் பண்ணினதுதான். இவ சித்தி, தன் அக்கா போனதுலேருந்து எங்க வீட்டுலயே தங்கி இவளைப் பார்த்துக்கிட்டிருந்தா. மூக்குத்தியைக் காணோம்னதும் அவ பையைக் கூடத்துல கொட்டிப் பார்த்தேங்க. எல்லார் முன்னாடியும். எடுத்தவளுக்கு இந்த வீட்டுல இடம் இல்லை, வெளியே போடின்னேன். கொட்டின துணியெல்லாம் பொறுக்கி மடிச்சு வச்சுக்கிட்டுப் போயிட்டா.

— அழாதீங்க சார், பிள்ளை பார்க்குது. போன் போட்டுப் பேசுங்க. வந்துடுவாங்க.

— எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசறது? பாப்பா குரலை ஒரே ஒரு தடவை கேக்கணும்னு செய்தி அனுப்பியிருந்தா. அதுக்குக்கூட நான் பதில் போடலைங்க.

— அப்பா.

— சொல்லும்மா.

— எடுத்தது நான்தானே அப்பா. இப்ப நானும் போகணுமா?