வால்டரின் நண்டு

உங்கள் ஜீப் கிறீச்சிட்டு நின்றதில் என் டீ சிந்திவிட்டது, இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, உட்காருங்கள்.

வால்டரும் நானும் ஒரே கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர்கள். ஞாயிறுதோறும் எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டு, சிப்பி தேடுவோம். உப்பளத்தை ஒட்டிய அந்தக் குட்டையை அவனுக்குக் காட்டியதே நான்தான். ஆனால் அதில் நீலக்கால் நண்டை முதலில் பார்த்தவன் அவன். வேறெங்கும் இல்லாத இனம். ஒன்றைக் கொன்று ஸ்பிரிட் ஜாடியில் போட்டு மியூசியத்துக்குக் கொடுத்தால்தான் பெயர் சூட்ட முடியும். அவன் மறுத்தான்.

"இருக்கிறதே கொஞ்சம், ராசையா. பெருகட்டும், அப்புறம் எடுக்கலாம்."

கிட்டப்பார்வைக்காரன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எப்போதும் ஒரே ஓரத்தில் படுத்து, மூக்கு நனையக் குனிந்து பார்ப்பான்.

அதுவரை பொறுத்துக்கொண்டேன். மீன் கூடையோடு வந்த பச்சையம்மாதான் கெடுத்தாள்.

"இன்னா வால்டரு நைனா, உன் நண்டுங்க சொகமா கீதா?" என்றாள். என்னைப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு சாரே இவரு பின்னாடியே சுத்திகினு கீற?"

வால்டரும் சிரித்தான்.

கிளிஞ்சல் சூளையில் நீற்றாத சுண்ணாம்பு ஒரு மூட்டை வாங்கினேன். தண்ணீர் பட்டால் கொதிக்கும் சரக்கு. போன ஞாயிறு சீக்கிரமே போய், ஒரே ஒரு நண்டை ஜாடியில் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பைக் குட்டையில் கொட்டினேன். நண்டுகள் மல்லாந்தன. பெரிய கட்டிகளை மட்டும் வைத்திருந்து, வால்டரின் சைக்கிள் மணி கேட்டதும் அவன் படுக்கும் ஓரத்தில் போட்டேன்.

தண்ணீர் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் பதறி ஓடிவந்தான். கண்ணாடியைக் கழற்றினான். குனிந்தான். நான் தடுத்திருக்கலாம்தான், அவன் வேலை செய்யும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

இரண்டு கண்ணும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். நேற்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அப்போதும் அவன் தன் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. "ராசையா, ஒண்ணாவது தப்பிச்சுதாடா?" என்றுதான் கேட்டான்.

நண்பனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியது என் கடமை அல்லவா? அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"ஒண்ணு எங்கிட்ட பத்திரமா இருக்குடா. இனிமே யாரும் அதை உன் நண்டுன்னு சொல்ல மாட்டாங்க."