நாற்பத்தொரு பிள்ளைகளுக்குப் பெற்றோர்

எங்கள் பண்ணைக்காடு ஊரில் சொந்தமாக மெயில் ஐடி வைத்திருக்கிற தகப்பன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருப்பவர்களுக்கும் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் அய்யா. காப்பியும் மிளகும் போடுகிறவருக்கு மெயிலில் என்ன சோலி? ஆனால் பிள்ளையின் போனைப் பூட்ட வேண்டுமென்றால் பெற்றோரின் மெயில் ஐடியைக் கேட்கும். அதற்காக என்னுடையதைக் கொடுத்தேன்.

என் பெயர் ஹரிகிருஷ்ணன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் பதினோரு வருஷமாக செல்போன் கடை வைத்திருக்கிறேன். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று வீட்டுக்கு வீடு போன் வாங்கினார்கள். வகுப்பு முடிந்தது, போன் மட்டும் பிள்ளைகள் கையை விட்டு இறங்கவில்லை. பெற்றவர்கள் என் கடைக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்களும் பூட்டிப் பார்த்தவர்கள்தான், பாவம். பைக் நம்பரையே பாஸ்கோடாக வைப்பார்கள். அந்த பைக்கைத் தினமும் துடைப்பதே அந்தப் பையன்தான். மயில்சாமி என்று ஒருவர், கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாதென்று, நம்பரைச் சொல்லி மகனையே அழுத்தச் சொன்னார். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான்.

ஓட்டைகளை நான் ஒவ்வொன்றாக அடைத்தேன். பாஸ்கோடை யாருக்கும் சொல்வதில்லை, பெற்றவர்களுக்கும்கூட. இன்றைய தேதிக்கு நாற்பத்தொரு போன்கள். நாற்பத்தொன்றிலும் பெற்றோர் என்று இருப்பது நான்.

பெற்றோர் கணக்கில் எல்லாம் தெரியும், அய்யா. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது, என்ன பார்க்கிறது, எல்லாமே. நேரம் முடிந்ததும் போன் பூட்டிக்கொண்டு, கூடுதல் நேரம் வேண்டுமா என்று கேட்கும். பிள்ளை அழுத்தினால் பெற்றவர் போனில் மணியடிக்க வேண்டும். அது என் போனில் அடித்தது. இதை நான் பெற்றவர்களிடம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பிள்ளைகள் அப்பாதான் மறுக்கிறார் என்றோ, போனே மறுக்கிறது என்றோ நினைத்துக்கொண்டார்கள். கடை வாசலில் என்னை முறைத்துக்கொண்டு போகிற பையன், வீட்டுக்குப் போய் என்னிடமே பத்து நிமிடம் கெஞ்சுவான். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நல்லையா நல்ல மனுஷர். அவருடைய அப்பா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். மிளகு பறிக்கிற வேலை. ஒருநாள் மகள் சௌம்யாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ப்ளஸ் டூ படிக்கிற பெண்.

“தம்பி, இந்த மகள் எந்நேரமும் போன்லயே கெடக்குது. எனக்கு இதெல்லாம் வெளங்காது. நீங்களே பார்த்து ஒரு பூட்டுப் போட்டுடுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வைத்தேன். மூன்றாம் வாரமே அந்தப் பெண் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். போனின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்தால் நேரம் முடியவே முடியாது. நாற்பது பேருக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. கெட்டிக்காரிதான். கெஞ்சவேண்டிய பிள்ளை கெஞ்சாமல் வேலையை முடித்துக்கொண்டது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஓட்டையையும் அடைத்தேன். ஒரு மாதத்துக்கு அவள் எது கேட்டாலும் கிடையாது என்று முடிவு செய்தேன்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒருவருடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். சௌம்யா கூடுதல் நேரம் கேட்டாள். மறுத்தேன். உடனே மறுபடி கேட்டாள், மறுத்தேன். மேப்பில் பார்த்தேன். அவளுடைய புள்ளி மிளகுத் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஓடியது, திரும்பத் தோட்டத்துக்கு வந்தது, மறுபடி ரோட்டுக்குப் போனது. சரியான பிடிவாதம் என்று நினைத்தேன்.

நான்காவது தடவை ஏதோ சரியில்லை என்று தோன்றத்தான் செய்தது. உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று தடவை மறுத்துவிட்டு நான்காவதில் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன பழக்கம் வரும்? மொத்தம் ஏழு தடவை. ஏழாவதுக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஒருவழியாகப் படிந்துவிட்டாள் என்று நிம்மதியாகக் கண்ணாடியை ஒட்டி முடித்தேன்.

அந்த நேரத்தில் நல்லையா, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். அவர் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த நாள் அது. மகளுடைய போனில் காலையிலிருந்து பாட்டு ஓடி, இரண்டு மணி நேரமும் தீர்ந்துவிட்டது. ஊரில் வாடகை ஜீப் ஓட்டுகிற கந்தவேல் அப்போது வீட்டில்தான் இருந்திருக்கிறார், பத்து நிமிடத்தில் வந்திருப்பார். அவர் நம்பர் பூட்டிய போனுக்குள் இருந்தது. அவசர எண் மட்டும் பூட்டிலும் வேலை செய்யும், அதையும் அழைத்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் கீழேயிருந்து மலை ஏறி வரவேண்டும். வந்தபோது உயிர் இல்லை.

இதுவரை நீங்களே விசாரித்துத் தெரிந்துகொண்டது. அவளுடைய மாமா அந்தப் போனை விற்பதற்காகக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோக, அழிக்கும்போது அது பெற்றோர் கணக்கைக் கேட்க, என் மெயில் ஐடி வெளியே வந்தது. சௌம்யா இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்கிறீர்கள். அது ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்த மறுநாள் அவளும் அவள் அம்மா சிவபாக்கியமும் கடைக்கு வந்தார்கள். தலைகூட வாராமல் வந்திருந்தாள்.

“அண்ணே, அன்னைக்கு எத்தனை தடவை அமுக்கியும் போன் தொறக்கலண்ணே. முன்னாடி நான் டைம மாத்தி மாத்தி வெச்சேன்ல... அதனாலயா?”

பாருங்கள், பதில் அவளே கொண்டுவந்திருந்தாள். நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை.

“அதனாலதாம்மா. டைம மாத்துனா போன் கொழம்பிப் போயிரும்” என்றேன்.

சிவபாக்கியம் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைப் படியிறங்கி, தனியாகப் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். அந்தப் பெண் போனை என் பக்கம் தள்ளினாள்.

“இனிமே நான் எதையும் மாத்தவே முடியாத மாதிரி பூட்டிருங்கண்ணே.”

இரண்டு மணி நேரத்தை அரை மணி நேரமாகக் குறைத்துக் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டாள். நல்லையா உயிரோடு இருந்திருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார், அய்யா.