அடக்கம் முடியுமுன் நான் நடந்தது

பெயர்: சௌதாமினி. தகப்பன் பெயர்: பொன்னையன். வயது: 43. தொழில்: ஜாஸ் இசைக்குழுவில் பாடகி. முகவரி: ஆரியங்கோடு, நெய்யாற்றின்கரை தாலுகா.

நான் மேற்படி முகவரியில் குடியிருக்கிறேன். குடியிருக்கிறேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். வருடத்தில் எட்டு மாதம் ஊரில் இருப்பதில்லை. எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்றாலும், அழுகை வந்தாலும் தடுமாறாமல் பேச வருவது தமிழில் என்பதால் தமிழில் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் எனக்கு எதிராகவே இது பயன்படலாம் என்றும் நீதித்துறை நடுவர் எடுத்துச் சொன்னார். அது விளங்கித்தான் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் நான்கு பேர். நான் பாடுவேன், ஜினோ டிரம்பெட் ஊதுவான், பொன்னுதாஸ் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பான், ஜித்தின் டிரம்ஸ். கடற்கரை ஊர்க்காரனான ஜினோ திருநாள் பேண்டு செட்டில் ஊதிப் பழகியவன். பதினோரு வருடம் கொச்சி, கோவா, பெங்களூரு, புதுச்சேரி என்று ஒன்றாகச் சுற்றினோம். புதுச்சேரியில் ஓட்டல் அறைக்குள்ளேயே ஜினோ கருவாடு சுட்டதில், மேனேஜர் எங்கள் நால்வரையும் பெட்டியோடு தெருவில் இறக்கிவிட்டார். அன்று மழையில் நின்று சிரித்ததுபோல் அதன்பிறகு நான் சிரித்ததில்லை. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. இருந்திருந்தாலும் இவர்களைப்போல் என்னைச் சகித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. என் கடைசிப் பாட்டு முடிந்த கையோடு, கைத்தட்டலுக்குக்கூடக் காத்திராமல் மேடையை விட்டு நடந்துவிடுவேன். ஜினோ அதைத் திருத்தப் பார்த்து முடியாமல், "இவ நடந்தா நீ அடிச்சு தொடங்கிக்கோலே, பின்னே நாங்க வாறோம்" என்று ஜித்தினிடம் சொல்லிவிட்டான். அதன்பின் நான் முதுகைக் காட்டி நடந்தால் ஜித்தின் வேகமான முடிவுப் பாட்டைத் தொடங்குவது எங்கள் வழக்கம் ஆயிற்று. பதினோரு வருடத்தில் அவன் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் கோவாவில் ஒரு வெளிநாட்டுக் கிழவர், ஜாஸ் பிறந்த ஊரில் சவ அடக்கம் எப்படி நடக்கும் என்று எங்களுக்குச் சொன்னார். கல்லறைக்குப் போகும்போது மெதுவாக வாசிப்பார்கள், புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளலாக வாசிப்பார்கள் என்றார். அதன்பின் மட்காவ் ரயில் நிலையத்தில் ஜினோ, "எனக்கும் இது மதி, இதுவே போதும். போவும்போ அழுங்க. திரும்பி வரும்போ ஆடிட்டு வரணும், சத்தியம் செய்யுங்க" என்று கையை நீட்டினான். மூன்று பேரும் சத்தியம் செய்தோம்.

சென்ற மாதம் பெங்களூருவில் ஜினோ மாரடைப்பில் இறந்தான். உடலை அவனுடைய ஊருக்குக் கொண்டுவந்தோம். அதன்பின் அவனுடைய தாயார் சிசிலியிடம் நாங்கள் வாசிக்கலாமா என்று கேட்டேன். "வாசிக்கட்டு மக்கா, அவனுக்கு பேண்டுண்ணா உயிராக்கும்" என்றார். திரும்பும்போது வாசிக்கவிருந்த துள்ளல் பாட்டைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் சம்மதிக்கமாட்டார் என்ற பயத்தில் மறைத்தேன்.

அடக்கத்தன்று மாலை நான்கு மணிக்கு, ஜித்தின் ஒரு டிரம்மைத் தோளில் மாட்டிக்கொள்ள, பொன்னுதாஸ் பாஸோடு திறந்த வண்டியில் நிற்க, நான் பாட, வீட்டிலிருந்து தேவாலயம் வரை மெதுவாக வாசித்துக்கொண்டு போனோம். பூசை முடிந்தபின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். கூட்டம் அதிகம் என்பதால் ஜித்தினும் பொன்னுதாஸும் வெளியே மதிலோரம் நின்றார்கள். அடக்கம் முடிந்ததும் நான் வாசலுக்கு நடந்து வரவேண்டும், என்னைக் கண்டதும் அவர்கள் தொடங்கவேண்டும் என்பது ஏற்பாடு. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஜினோவின் மேலுதட்டு நடுவில் ஊதி ஊதிக் காய்த்துப்போன ஒரு தழும்பு உண்டு. உடலைப் பதப்படுத்தியவர்கள் முகத்துக்குப் பூசிய பூச்சில் அது மறைந்துபோயிருந்தது. சிவந்த உதட்டோடு யாரோ ஒருவன்போல் கிடந்தான். அதைப் பார்த்தபின் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கடைசி முத்தம் கொடுக்க உறவினர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள், சிசிலியம்மாவை இரண்டு பெண்கள் தாங்கிக் கூட்டிவந்துகொண்டிருந்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டேதான் நான் திரும்பி நடந்தேன். வாசலில் யார் எனக்காகக் காத்து நிற்கிறார்கள் என்ற நினைப்பே அப்போது எனக்கு இல்லை.

நான் வாசலைத் தாண்டியதும் ஜித்தின் அடித்துத் தொடங்கினான். பொன்னுதாஸும் சேர்ந்துகொண்டான். அரை நிமிடம்கூட இருக்காது. ஜினோவின் தாய்மாமன் ததேயூஸும் வேறு சிலரும் ஓடிவந்து ஜித்தினைப் பிடித்து அடித்தார்கள். உள்ளே நெரிசலில் பெட்டி சரிந்தது. பெட்டி கவிழ்ந்துவிடும் என்று பயந்து அங்கிருந்தவர்கள் மூடியை அறைந்து குழிக்குள் இறக்கினார்கள். சிசிலியம்மா நாலு அடி தூரத்தில் நின்றிருந்தார்.

ஜித்தின் குடித்துவிட்டு அடக்கத்தைக் கலைத்தான் என்று ததேயூஸ் புகார் கொடுத்தார். ஜித்தின் குடிப்பவன்தான், ஆனால் அன்று குடிக்கவில்லை. அன்று காவல் நிலையத்தில் கேட்டபோது, அவன் ஏன் தொடங்கினான் என்று எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். ஜித்தினும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் போனில், "சேச்சி ஒண்ணும் சொல்லண்டாம். எனக்கு அவசரம் ஆயிப்போச்சுண்ணு சொல்லியாச்சு" என்றான். அவன் அடுத்த மாதம் கப்பலில் வாசிக்கும் வேலைக்குச் சேரவேண்டியவன். வழக்கு இருந்தால் காவல்துறைச் சான்று கிடைக்காது. இத்தனையும் தெரிந்தும் பதினெட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருக்க முடியாமல் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பஸ்ஸில் சும்மா போய் வந்துகொண்டிருந்தேன். ஜித்தின் அடித்ததற்குக் காரணம் நான் நடந்தது மட்டுமே.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் ஜினோவின் வீட்டுக்குப் போய், சத்தியம் செய்ததையும், மறைத்ததையும், நான் நடந்துபோனதையும் சிசிலியம்மாவிடம் சொன்னேன். அவர் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். அதன்பின் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்: "அந்தப் பயலெ விடச் சொல்லு மக்கா. நீ நடந்தா அவன் கொட்டுவான், அதாக்கும் அவனுக்க ஜோலி. எனக்க பிள்ளைக்கு நான் முத்தம் குடுக்கல்ல. உன்னெ மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்."

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சௌதாமினி