இடம் போதவில்லை

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. வேண்டாததை அழிக்க அவர்களுக்கு மனம் வந்திருக்காது, அவ்வளவுதான். ஒரே போட்டோ நாலு இடத்தில் கிடக்கும். எந்தக் காலத்திலோ வந்த காலை வணக்கமெல்லாம் பத்திரமாக இருக்கும். பாளையம்பட்டியில் செல்போன், ஜெராக்ஸ் கடை போட்டதிலிருந்து அவர்களுக்காக நான் அழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் நடந்ததும் அதே வேலைதான். நீங்கள் கேட்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

என் தம்பி முஸாஃபர் சவூதியில் இறந்துபோனான். விசா ஏற்பாடு செய்தது நான். அவனை வேலைக்கு எடுத்த ஏஜென்ட் என் சிநேகிதர். உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவனோடு அறையில் தங்கியிருந்த திருச்சுழிக்காரர் தங்கசாமி, லீவில் வந்தபோது அவனுடைய போனை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். திரை நொறுங்கியிருந்தது.

தம்பி மனைவி தஸ்லீமா அப்போது இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அவள் பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் காணப் பொறுக்கவில்லை. அவளுடைய போனிலும் அவன் குரல் எதுவும் மிச்சமில்லை. சின்ன போன், சீக்கிரம் நிறைந்துவிடும். மாதாமாதம் நான்தான் துடைத்துக் கொடுப்பேன். அதனால் முஸாஃபரின் போனில் கிடந்த குரல் பதிவுகள் மொத்தத்தையும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் இருந்தன. மாற்றி முடித்த சில நாளில் போனும் உயிரை விட்டது. மாற்றிக் கொடுத்த அன்று தஸ்லீமா என் கையைப் பிடித்து அழாத குறை. அந்த நல்ல காரியத்தைச் செய்தவனும் நான்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பதிவுகளுக்குப் பெயர் கிடையாது. தேதியும் நம்பரும்தான். யாருக்கு அனுப்பியது, யாரிடமிருந்து வந்தது என்று திறந்து கேட்டால்தான் தெரியும். அவள் பழையதிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு மகள் அர்ஷியாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். கூடத்தில் தம்பி குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஏலே, இங்க ஒட்டகம்கூட நிழல் தேடிப் போயிருச்சு, நாங்க நிக்கிறோம்டா" என்று எவனிடமோ சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள்.

என் மனைவி பரக்கத் நிஷாவுக்கு அது பிடிக்கவில்லை. "மவுத்தானவுக குரலு வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்பாள். நான்தான் சமாதானம் சொன்னேன்.

ஒரு நாள் நான் கடையிலிருந்து வந்ததும் தஸ்லீமா கதவோரம் நின்று சொன்னாள்.

"மச்சான், இன்னைக்கு உங்க குரலும் வந்துச்சு. வீட்டுக்குத் தளம் போடுறதப் பத்திப் பேசுறீக."

"என் குரலா?"

"ஆமா. அவுக உங்ககிட்டப் பேசுனதும் இதுலயே இருக்கு. நல்லதாப் போச்சு மச்சான். கடைசி மாசம் எங்கிட்ட சரியாவே பேசல. உங்ககிட்டயாச்சும் என்ன சொன்னாகன்னு கேட்டுக்கிறேன்."

இத்தனை வருடம் இதே தொழில் செய்கிறவனுக்கு இது தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவன் எனக்கு அனுப்பியதும், நான் அவனுக்கு அனுப்பியதும் சேர்ந்தேதான் வந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஜும்மாவுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி மாதத்துப் பதிவுகளைத் தேடினேன்.

"அண்ணே, வெயில்லயே லோடு ஏத்தச் சொல்றாங்கண்ணே. நெஞ்சு பிடிச்ச மாதிரியே இருக்கு. நான் வந்துர்றேண்ணே. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், உங்க ஆளுதான, பாஸ்போர்ட்டக் குடுத்துருவாரு."

அடுத்தது என் குரல். "ஏலே, மத்தவனெல்லாம் அங்க பூப்பறிக்கவா போயிருக்கான்? நிக்காஹ் முடியிற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. இப்ப வந்து நின்னா சம்பந்தி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? தஸ்லீமாகிட்ட எதையும் உளறி வைக்காத."

இதைக் கேட்டால் தப்பாகத்தான் தோன்றும். அப்போதைய சூழ்நிலை அதில் பதிவாகவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து என் மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தோம். தம்பி அங்கே சூப்பர்வைசர் என்றும், மாப்பிள்ளையைத் தன்னிடமே எடுத்துக்கொள்வான் என்றும் சொல்லித்தான் அந்தச் சம்பந்தமே முடிந்தது. அவன் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அது நின்றுபோயிருக்கும். ஒரு பெண்ணின் வாழ்க்கை. மாப்பிள்ளை இப்போது பாலவனத்தத்தில் கோழிக்கடை வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

அந்த ஏழெட்டுப் பதிவுகளை மட்டும் எடுத்திருக்கலாமே என்பீர்கள். யோசிக்காமல் இல்லை. நம்பர் வரிசையில் ஓட்டை விழும். ஒவ்வொன்றாகக் கேட்கிறவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் எல்லாவற்றையும் அழித்தேன். பரக்கத் நிஷா அடுப்படியில் இருந்தாள். தஸ்லீமா பின்கட்டில் தொழுதுகொண்டிருந்தாள். அவள் ஸலாம் கொடுத்து எழுந்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

டிஸ்க்கில் அந்தப் பதிவுகள் இருந்த பகுதி பழுதாகிவிட்டது என்று சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "அருப்புக்கோட்டையில எடுத்துத் தாராகளாமே மச்சான், கொண்டுபோய்க் குடுங்களேன்" என்றாள். அதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நான் பிறகு பார்க்கலாம் என்றதும், "இத்தா முடியட்டும், நானே கொண்டுபோறேன்" என்றாள்.

அழித்தது உடனே போய்விடாது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் வேறொன்றை எழுதினால்தான் போகும். இத்தா முடிய இன்னும் நாள் இருந்தது. வீட்டில் பெரிய ஃபைல் என்றால் என் மகளின் கல்யாண வீடியோதான். அதைத் திரும்பத் திரும்பக் காப்பி செய்தேன், இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரே சொல்லும் வரை. பிறகு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். அர்ஷியா இப்போது சாயங்காலங்களில் அந்த வீடியோவைத்தான் பார்க்கிறாள். பிள்ளை பழகிக்கொண்டுவிட்டது.

இத்தா முடிந்து தஸ்லீமா முதல்முதலாக வெளியே போனது அருப்புக்கோட்டை சுந்தரபாண்டி கடைக்குத்தான். ஆட்டோவில் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நானும் கூடப் போனேன். சுந்தரபாண்டி வெகுநேரம் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: "எங்க தோண்டுனாலும் ஒரே கல்யாண வீடியோதாம்மா வருது. மேல மேல எழுதிருக்கு. தானா இப்படி ஆகாது." என்னை ஒருமுறை பார்த்தார். தொழில்காரர், அதற்குமேல் பேசவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் தஸ்லீமா கேட்டாள்.

"கடைசியா அவுக உங்ககிட்ட என்னதான் மச்சான் பேசுனாக?"

"கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னாம்மா."

அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. நிக்காஹ் அன்று காலை, பந்தலில் ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், அவனிடமிருந்து ஒரு பதிவு வந்தது. சம்பந்தி பக்கத்தில் நின்றதால் கேட்கவில்லை. அன்று சாயங்காலம்தான் அவன் மவுத்தானான். கம்ப்யூட்டரில் இருந்ததைத் திறக்காமலே அழித்துவிட்டேன். என் போனில் மட்டும் அது இன்னும் இருக்கிறது, கேட்காததற்கு அடையாளமாகப் பச்சை நிறத்தில்.

நாலு நிமிடப் பதிவு. வாழ்த்தாகத்தான் இருக்கும்.